சிதறியவற்றைத் தொகுத்தவர்: ஏ.கே. செட்டியாரின் ஒளிப்படக் கலையும் இதழியலும்

ஆய்வுச் சுருக்கம்

பயண எழுத்தாளராகவும் காந்தி ஆவணப்படத்தை உருவாக்கியவராகவும் அறியப்படும் ஏ.கே. செட்டியார் (1911–1983) ஒளிப்படக் கலையை முறையாகக் கற்ற தொடக்ககாலத் தமிழ் இதழாளர்களுள் ஒருவர். அவருடைய படப்பணியும் இதழ்ப்பணியும் இதுவரை பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்பட்டுள்ளன. அவ்விரண்டிலும் செயல்பட்டது ஒரே முறையியல்தான் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பிறர் எடுத்த படச்சுருள்களைத் தேடித் திரட்டிப் படமாக்கியதும், பிறர் எழுதிய பழைய கட்டுரைகளைத் தேடித் திரட்டி இதழாக்கியதும் தொகுப்பாளர் ஒருவரின் செயல்களே. அவர் தொகுத்த தமிழ்ப்படம் கிடைக்காமற்போக, அது குறித்து அவர் எழுதிய தாள்கள் எஞ்சின. இந்நிலை தமிழ் ஆவணக் காப்பு பற்றி எழுப்பும் வினாக்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: ஏ.கே. செட்டியார், ஒளிப்படம், ஆவணப்படம், குமரி மலர், பயண இலக்கியம், இதழ்த் தொகுப்பு, திருக்கோகர்ணம்

முன்னுரை

புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணம் குடைவரைக் கோயிலுக்கும், தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாளுக்கும் பெயர்பெற்றது. ஆய்வாளர்கள் இவ்வூரை நாடி வருவதற்கு வேறு இரு காரணங்களும் உண்டு. ஒன்று, சமஸ்தான ஆட்சியில் 1910ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு இன்று அரசு நிறுவனமாக இயங்கும் அருங்காட்சியகம். மற்றொன்று, ஞானாலயா கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் தம் சொந்த முயற்சியால் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம். முதற்பதிப்புகளுக்கும் பழைய தமிழ் இதழ்களுக்கும் புகழ்பெற்ற சேகரிப்பு அது.

ஒரே ஊரில் அமைந்த இவ்விரு காப்பகங்களும் இருவேறு மரபுகளைச் சார்ந்தவை. கல்லும் செம்பும் அரசின் பொறுப்பில் காக்கப்பட்டன. அச்சிட்ட தாள் பெரும்பாலும் தனி மனிதர்களின் ஆர்வத்தால் காக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழியல் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இரண்டாம் மரபுக்குக் கடன்பட்டவரே. அம்மரபைச் சார்ந்த சேகரிப்பாளர்களுள் ஏ.கே. செட்டியார் முன்னோடி எனத் தக்கவர். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை அடுத்த செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்து, கேமராவையும் பேனாவையும் ஒருசேரக் கையாண்ட அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் விட்டுச்சென்றவற்றைத் தேடுவதிலேயே செலவிட்டார்.

கோட்டையூரும் இரங்கூனும்

அண்ணாமலை கருப்பன் செட்டியார் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தார். திருவண்ணாமலையில் பள்ளிக்கல்வி பெற்றார். இருபதுகளின் தொடக்கத்திலேயே பர்மாவுக்குச் சென்று, இரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியரானார்.

அவர் சென்ற காலம் கருதத்தக்கது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலம் நகரத்தார் கைக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938க்குள் 25 விழுக்காட்டை எட்டியது. 1937இல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. வணிகச் சமூகம் ஒன்று தன் எதிர்காலத்தைக் கடல்கடந்த நாடொன்றின் அரசியலோடு பிணைத்து எண்ண நேர்ந்த அச்சூழலில், அச்சமூகத்தின் இதழை நடத்திய இளைஞருக்கு அயல்நாட்டுச் செய்தியும் வீட்டுச் செய்தியும் வெவ்வேறாகத் தோன்றியிருக்க இயலாது.

செட்டிநாடும் அதனையடுத்த புதுக்கோட்டைப் பகுதியும் அக்காலத்தில் அச்சுத்தொழிலுக்கு ஆட்களை வழங்கிய நிலப்பரப்புமாகும். காரைக்குடியிலிருந்து ‘குமரன்’, ‘ஊழியன்’ முதலிய இதழ்கள் வெளிவந்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து இராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் 1939இல் ‘சக்தி’ இதழைத் தொடங்கினார். வணிகத்தில் ஈட்டிய பொருளை அச்சில் முதலிட்ட இச்சூழலே செட்டியாரின் இதழ்ப்பணிக்குப் பின்புலமாகும்.

ஒளிப்படக் கல்வி

1930களின் நடுப்பகுதியில் செட்டியார் ஜப்பானுக்குச் சென்று தோக்கியோவிலுள்ள இம்பீரியல் ஒளிப்படக் கல்லூரியில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் ஒளிப்பட நிறுவனத்தில் 1937இல் பயிற்சியை நிறைவு செய்தார். இவ்விரு இடங்களும் அவருடைய பிற்காலப் பணியைத் தீர்மானித்தன.

அக்காலத் தமிழ் இதழ்களில் படம் பெரும்பாலும் கட்டுரைக்கு அணியாக நின்றது. ஆசிரியர் எழுதுவார், படம் நிலையத்திலிருந்தோ செய்தி முகவரிடமிருந்தோ வந்து சேரும். எழுதுபவரே படம் பிடிக்கவும் கற்றவராக அமைந்தது அரிது. ஒளிப்படம் கற்றவருக்கு இன்னொரு அறிவும் கைவருகிறது. எந்தப் படமும் யாரோ ஒருவர், ஏதோ ஓரிடத்தில், குறிப்பிட்ட ஒரு நாளில் நின்று எடுத்ததே. ஆகவே அதன் மூலச்சுருள் எங்கேனும் இருந்தாக வேண்டும் என்பதே அவ்வறிவு. காந்தி படத்திற்கான தேடல் முழுவதும் இவ்வெளிய உண்மையின்மீது எழுப்பப்பட்டது.

படச்சுருள் தேடல்

நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, 1937 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியின் பிறந்தநாளன்று, காந்தியின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் தமக்குத் தோன்றியதாகச் செட்டியார் பதிவு செய்துள்ளார். அப்போது அவருக்கு வயது 26 நிறையவில்லை. அதன்பின் டாகுமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்னும் நிறுவனத்தின் பெயரால் பணி தொடங்கியது.

காந்தியை அதற்கு முன்பே உலகின் பல படக்குழுக்கள் பதிவு செய்திருந்தன. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகமும் 1931ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாடும் அவரைச் செய்திப்படங்களின் நாயகர் ஆக்கின; 1931இல் அமெரிக்கச் செய்திப்பட நிறுவனமொன்று அவரைப் பேசும்படத்தில் பேட்டி கண்டது. ஆனால் இப்பதிவுகள் ஓரிடத்தில் இல்லை. செய்திப்படம் ஒரு வாரம் ஓடி முடிந்ததும் அதன் சுருள் நிறுவனக் கிடங்கில் சேர்ந்துவிடும். பல நிகழ்வுகளுக்கு அதுவும் இல்லை; தனி ஒளிப்பதிவாளர் ஒருவரின் வீட்டுப் பெட்டியில் மட்டும் ஒரு சுருள் கிடக்கும்.

இந்தியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளில் அவற்றைத் தேடிச் செட்டியார் ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்தார். முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருள் திரட்டப்பட்டது. கோபால கிருஷ்ண கோகலே 1912இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுக்கப்பட்ட காட்சியும் அதனுள் அடங்கும். புதிதாகப் படம் பிடிக்க வேண்டிய இடங்களில் புதிதாகவும் பிடிக்கப்பட்டது. இருந்தாலும் படத்தின் அடித்தளம் பிறர் எடுத்த காட்சிகளே.

அடிக் கணக்கு உணர்த்துவது

திரட்டிய 50,000 அடியில் படமாக நிலைத்தது ஏறத்தாழ 12,000 அடி. பேசும்படக் காலத்து 35 மில்லிமீட்டர் சுருள் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். அக்கணக்கின்படி திரட்டிய சுருள் முழுவதையும் ஓட்டிப் பார்க்கவே ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேண்டும். படம் 2 மணி 13 நிமிட அளவினது. நான்கு அடிக்கு ஓர் அடி என்னும் விகிதத்தில் தெரிவு நிகழ்ந்துள்ளது.

இத்தெரிவின் கடினம் நீளத்தைக் குறைப்பதோடு முடியவில்லை. மௌனப்படக் காலத்துச் சுருள்கள் கையால் சுழற்றும் கேமராவில் நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகம் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. பேசும்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. பழைய சுருளை அப்படியே புதிய வேகத்தில் ஓட்டினால் மாந்தர் துள்ளி ஓடுவதுபோல் தோன்றுவர். நாடுதோறும் வேறுபட்ட ஒளி, வேறுபட்ட கைகள், வேறுபட்ட தேய்மானம் கொண்ட துண்டுகளை ஒரு வாழ்க்கையின் தொடர்ச்சியாகப் பார்வையாளர் ஏற்கும்படி இணைப்பது தொகுப்புக் கலையின் முழு ஆற்றலையும் வேண்டுவது. அத்துண்டுகளை ஒன்றாகக் கட்டிய கயிறு தமிழ் விளக்கவுரையே. படத்தின் பொருள் காட்சியில் பாதியும் அக்குரலில் பாதியுமாக அமைந்திருந்தது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

‘மகாத்மா காந்தி’ 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சென்னையில் ராக்ஸி திரையரங்கில் வெளியிடப்பட்டது. தெலுங்கு விளக்கவுரையுடனும் அது வெளிவந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த அதே 1940இல்தான் ஆங்கில அரசு போர்ப் பரப்புரைக்கெனத் திரைப்பட ஆலோசனைக் குழுவை இந்தியாவில் அமைத்தது. அரசு ஆவணப்படத்தைத் தன் கருவியாக்கத் தொடங்கிய ஆண்டில், அரசை எதிர்த்து நின்ற தலைவரைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் தனியார் முயற்சியில், தமிழில் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் காந்தி நினைவு நிதியின் ஆதரவில் வித்தல்பாய் ஜவேரி உருவாக்கிய 33 சுருள் கொண்ட ‘மகாத்மா’ 1968இல் வெளியானது. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, காந்தி வாழ்ந்த காலத்திலேயே, செட்டியார் அப்பணியைச் செய்து முடித்திருந்தார்.

குமரி மலர்: தாளில் நிகழ்ந்த தேடல்

1943இல் செட்டியார் தொடங்கிய ‘குமரி மலர்’ 1983 செப்டம்பரில் அவர் மறையும் ஆண்டுவரை, நாற்பதாண்டுக் காலம் அவர் பெயரோடு பிணைந்திருந்தது. இவ்விதழைப் புரட்டும் ஆய்வாளர் முதலில் வியப்பது அதில் ஆசிரியரின் எழுத்தைவிடப் பிறர் எழுத்தே மிகுந்திருத்தல். பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களில் வந்த கட்டுரைகள், மறந்துபோன பயணக் குறிப்புகள், பாரதி தொடர்பான அரிய செய்திகள், பழைய விளம்பரங்கள் எனப் பலவும் அதில் மறுபதிப்புப் பெற்றன.

இதனைப் பழமை விருப்பம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் காந்தி படத்தின் பணிமுறையை அருகில் வைத்து நோக்கினால் ஒற்றுமை தெளிவாகும். செய்திப்படத்தின் ஆயுள் ஒரு வாரம் என்றால் இதழின் ஆயுள் ஒரு மாதம். அதன்பின் இரண்டும் கிடங்கையோ பரணையோ சேர்பவை. இவ்வாறு ஒதுங்கியவற்றுள் காலத்தின் சான்று இருப்பதை உணர்ந்து, தேடி, தெரிந்து, வரிசைப்படுத்தி மீண்டும் மக்கள்முன் வைத்தலே இரு துறைகளிலும் அவர் செய்தது.

1968இல் வெளிவந்த ‘தமிழ்நாடு: பயணக் கட்டுரைகள்’ இம்முறையின் முதிர்ந்த வடிவம். நூறாண்டுக்கும் மேற்பட்ட காலப்பரப்பில் பலர் தமிழகத்து ஊர்களைப் பற்றி எழுதியவற்றை அவர் அதில் தொகுத்தார். ஒரே நிலத்தை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கண்கள் கண்டதன் பதிவு அந்நூல். நூறு ஒளிப்பதிவாளர் கண்ட காந்தியை ஒரு படத்தில் இணைத்தவரே பல எழுத்தாளர் கண்ட தமிழ்நாட்டை ஒரு நூலில் இணைத்தார். போக்குவரத்து, உணவு, விலை, சத்திரம், சாலை ஆகியவற்றின் சமூக வரலாற்றை எழுதுவோர்க்கு இந்நூல் இன்றும் முதன்மைச் சான்று.

தன்னை முன்னிறுத்தாத எழுத்து

‘உலகம் சுற்றும் தமிழன்’ (1940), ‘ஜப்பான்’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ முதலியன செட்டியாரின் சொந்தப் பயண நூல்கள். இவற்றிலும் தொகுப்பாளரின் மனநிலை செயல்படுவதைக் காணலாம். வாக்கியம் குறுகியது. அடைமொழி குறைவு. கட்டணம், உணவு, தங்குமிடம், வழியில் எதிர்ப்பட்ட எளிய மனிதரின் பேச்சு ஆகியவை உரிய இடம் பெறுகின்றன. காட்சியைக் கண்டு தாம் அடைந்த உணர்ச்சியை விரித்துரைப்பதைவிடக் காட்சியை வைத்துவிட்டு விலகுவதே அவர் வழக்கம். நகைச்சுவையும் அவ்வாறே, நிகழ்ச்சி கூறப்படும், சிரிப்பது படிப்பவர் பொறுப்பு.

கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் படத்தில் இடம்பெறுவதில்லை. செட்டியாரின் உரைநடையிலும் எழுதுபவர் அவ்வாறே ஓரம் நிற்கிறார். இவ்வடக்கம் இலக்கியப் பண்பு என்ற அளவில் பாராட்டத்தக்கது. வரலாற்றாசிரியருக்கோ அது இடர்ப்பாடு. தம் வாழ்க்கை பற்றியும், படத்திற்குப் பணம் திரட்டியது பற்றியும், உடன் உழைத்தோர் பற்றியும் அவர் சொன்னது குறைவு. காந்தி படத்தை உருவாக்கிய வரலாற்றைப் பிற்காலத்தில் குமரி மலரில் எழுதியபோதும் தாம் சந்தித்தவர்களையும் தேடிய சுருள்களையும் பற்றியே மிகுதியாகப் பேசினார்.

தொகுப்பாளரின் பணி எளிதில் மறக்கப்படுவதற்கும் இதுவே காரணம். படத்தைப் பார்ப்பவர் காந்தியைப் பார்ப்பார். பழைய கட்டுரையைப் படிப்பவர் அதன் ஆசிரியரை நினைப்பார். இரண்டையும் கண்டெடுத்தவர் இடையில் மறைந்துவிடுகிறார். அதே நியாயத்தைச் செட்டியாரின் படத்தை நோக்கியும் கேட்டாக வேண்டும். ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்களுள் பெரும்பாலோர் தமிழ் வாசகர்க்குப் பெயரளவிலும் அறிமுகமாகாதவர். தொகுப்பு ஒருவரை மறதியினின்று மீட்கும்போதே மற்றொருவரைப் பெயரற்றவராக்கவும் கூடும்.

எஞ்சிய தாளும் எஞ்சாத குரலும்

1940இல் வெளிவந்த தமிழ் வடிவம் முழுமையாக இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுவதாக இல்லை. அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றுவது, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, பின் தூளாகிவிடுவது. படங்களைக் காக்கும் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் அமைந்தது 1964இல்தான். ‘கீசகவதம்’, 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ போன்ற தொடக்ககாலப் படங்களின் படிகளே கிடைக்காதபோது, வணிக மதிப்புக் குறைந்த ஆவணப்படத்தின் நிலை வியப்பளிப்பதில்லை.

அதன் காட்சிகளுள் ஒரு பகுதி வேறுருவில் பிழைத்தது. சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் 1953இல் அமெரிக்காவில் ‘மகாத்மா காந்தி: இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி’ என்னும் பொருளுடைய தலைப்பில் வெளிவந்தது. அதன் விளக்கவுரையாளர் அமெரிக்க இதழாளர் குவென்டின் ரெனால்ட்ஸ். ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலால் அவ்வடிவத்தின் படி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. காட்சிகள் கிடைத்தன, அவற்றை இணைத்திருந்த தமிழ்க் குரல் கிடைக்கவில்லை. 1940இல் சென்னைப் பார்வையாளர் கேட்ட விளக்கம் விடுதலைப் போராட்டத்தின் நடுவில் நின்று தம் மக்களிடம் பேசியது. 1953ஆம் ஆண்டு வடிவம் மறைந்த மாமனிதர் ஒருவரை அயல்நாட்டார்க்கு அறிமுகப்படுத்தியது. காட்சி ஒன்றேயாயினும் இரண்டும் ஒரே படமாகா. எனவே எஞ்சிய ஆங்கில வடிவத்தை வைத்துத் தமிழ்ப்படத்தை மதிப்பிடுவது முறையாகாது.

தமிழ்ப்படத்தை அணுக இன்று எஞ்சியுள்ள நெருங்கிய வழி செட்டியார் எழுதிய கட்டுரைகளே. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகப் பதிப்பித்தார் (காலச்சுவடு, 2003). சந்தியா பதிப்பகம் செட்டியாரின் பயண நூல்களை மறுபதிப்புச் செய்தது. பிறரைத் தொகுத்தவர் பிறரால் தொகுக்கப்பட்டார். ஆயினும் அக்கட்டுரைகள் நிகழ்வுகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நினைவுகள் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. 1940ஆம் ஆண்டு நாளிதழ், வார இதழ்களின் விமர்சனங்கள், விளம்பரங்கள், தணிக்கைப் பதிவுகள் ஆகியவற்றோடு அவற்றை ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. அத்தகைய ஒப்பாய்வுக்கு முழுமையான இதழ் வரிசைகள் வேண்டும். தெரிவுசெய்து வெளியிடப்பட்ட நூல்கள் மட்டும் போதா. இதழின் அட்டை, விளம்பரம், பக்க அமைப்பு யாவும் சான்றுகளே.

முடிவுரை

ஏ.கே. செட்டியாரின் படப்பணியும் இதழ்ப்பணியும் ஒரே முறையியலின் இரு வெளிப்பாடுகள் என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். ஒளிப்படக் கல்வி அவருக்குப் பதிவின் மதிப்பை உணர்த்தியது. இதழியல் அதனை மக்களிடம் சேர்க்கும் வழியைக் காட்டியது. அவரைப் ‘பயண எழுத்தாளர்’ என்ற ஒரே வகைக்குள் நிறுத்துவது பொருந்தாது. தமிழில் ஆவணத் தொகுப்பு என்னும் துறையைத் தம் செயலால் வகுத்தவராகவே அவரை மதிப்பிட வேண்டும்.

இம்மதிப்பீட்டினின்று இரு கடமைகள் எழுகின்றன. காந்தி படத்தின் தமிழ், தெலுங்கு வடிவங்களின் துண்டுகளேனும் எஞ்சியுள்ளனவா என்பதை இந்திய, அயலகக் காப்பகங்களில் முறைப்படி தேடுதல் ஒன்று. குமரி மலரின் முழு வரிசைக்கும் ஆசிரியர், பொருள், மூல இதழ் ஆகியவற்றைக் குறிக்கும் அடைவு உருவாக்குதல் மற்றொன்று. இரண்டாவது பணிக்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் உள்ளது போன்ற தனியார் நூலகங்களின் தாங்கிகளில் அதற்கான தொடக்கம் காத்திருக்கிறது. அந்நூலகங்களை உருவாக்கியோரின் உழைப்பு அவர்கள் காலத்தோடு முடிந்துவிடாமல் நிலைபெற வழி செய்வது பல்கலைக்கழகங்களின் பொறுப்பாகும். அதில் காலந்தாழ்த்தினால், தமிழ் விளக்கவுரைக்கு நேர்ந்ததே தாளுக்கும் நேரும்.